தியேட்டருக்குப் பின்சந்து

புதுச்சேரிக்குப் புதிதாக வருகிறவர் வழி கேட்டால் நம் ஊர்க்காரர்கள் சொல்கிற பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? "ராஜா தியேட்டர் சிக்னல்ல திரும்புங்க." "அஜந்தா சிக்னல் தாண்டி வாங்க." "முருகா தியேட்டர் சிக்னல்ல இறங்கிக்குங்க." பாஸ்போர்ட் எடுக்க வந்தவருக்கும் இந்தப் பதில்தான், பெண் பார்க்க வந்தவருக்கும் இந்தப் பதில்தான், பல் பிடுங்க வந்தவருக்கும் இந்தப் பதில்தான். சொல்கிற பையனுக்கு இருபது வயது இருக்கும். "அந்தத் தியேட்டர்ல நீ கடைசியா என்ன படம் பார்த்தே தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பான். அவனைப் பொறுத்தவரை அது தியேட்டரின் பெயரே அல்ல, சிவப்பு விளக்கு எரிகிற ஒரு முனையின் பெயர்.

நம் ஊரில் தெருக்களுக்குப் பெயர்ப் பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைய நேரு வீதி, பிரெஞ்சுக்காரன் காலத்தில் துப்ளெக்ஸ் பெயரில் இருந்தது. கடற்கரைச் சாலைக்குக் குபேர் அவென்யூ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் அது கூர் ஷப்ரோல். லால்பகதூர் சாஸ்திரி வீதி என்று பலகை இருக்கிறது. ஆனால் ஊர் இன்னும் புஸ்ஸி வீதி என்றுதான் சொல்கிறது. தெற்கு புல்வார் சுப்பையா சாலையாகவும், மேற்கு புல்வார் அண்ணா சாலையாகவும், வடக்கு புல்வார் சர்தார் வல்லபாய் படேல் சாலையாகவும் மாறின. ஊரின் பெயரே 2006-ல் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரியானது. வெளியூர் பஸ் கண்டக்டர் மட்டும் இன்னும் "பாண்டி, பாண்டி, பாண்டி" என்று மூன்று முறை கூவித்தான் ஆள் ஏற்றுகிறார்.

மரப்பாலம் சந்திப்பில் மரத்தால் ஆன பாலத்தை யாராவது பார்க்கிறோமா? உப்பளத்தில் யார் உப்பு விளைவிக்கிறார்கள்? இருந்தாலும் அந்தப் பெயர்கள் நிற்கின்றன. அரசாங்கம் வைக்கிற பெயர் பலகையில் இருக்கும், ஜனங்கள் வைக்கிற பெயர் வாயில் இருக்கும். பலகையை மாற்ற ஒரு பெயிண்டர் போதும், வாயை மாற்ற இரண்டு தலைமுறை வேண்டும்.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பெயர்களோடு மாரடித்துத்தான் முப்பத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மீடியம் படித்தவன் என்பதால், எல்.டி.சி.யாகச் சேர்ந்த முதல் வருடத்திலேயே பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நம் ஊர்க்காரர்கள் இன்றும் 'எத்தா சிவில்' என்று சொல்கிறார்களே, அதுதான். பிரான்சிலிருந்து கடிதம் வரும். "என் தாத்தா இன்ன தெருவில், இன்ன வருடம் பிறந்தார். அவருடைய பிறப்புப் பதிவின் நகல் வேண்டும்." அந்தத் தெரு இன்று எது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு நரை வந்துவிட்டது.

அந்தப் பதிவேடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னச் சொல். பிரெஞ்சில் எழுத மூன்றே எழுத்து, உச்சரித்தால் 'தி'. தமிழில் 'என்கிற' என்று பொருள். கந்தசாமி என்கிற சின்னத்தம்பி, மரியம்மாள் என்கிற பாப்பம்மா என்று எழுதியிருப்பார்கள். சட்டத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். இரண்டையும் அந்தக் காலத்துக் குமாஸ்தா ஒரே வரியில், கோணாத கையெழுத்தில் எழுதி வைத்துவிட்டான். 1881-ம் வருடத்து ஆணைப்படி நம் ஜனங்களில் சிலர் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, புதிதாக ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். இவர்களைத்தான் ரெனோன்சான் என்பது. புதுப் பெயர் சபையில் இருந்தது. தெருவில் கூப்பிட்டதென்னவோ பழைய பெயரைத்தான். அதனால் ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் இருப்பதில் இந்த ஊருக்கு ஒருநாளும் ஆச்சரியம் இருந்ததில்லை.

தெருவுக்கு மட்டும் அந்த 'என்கிற' இல்லாமல் போய்விட்டது. அதைத்தான் சினிமாக் கொட்டகைகள் நிரப்பின.

ஏன் சினிமாக் கொட்டகை? கோயில் இல்லையா, சர்ச் இல்லையா, பள்ளிவாசல் இல்லையா? இருந்தன, இருக்கின்றன. ஆனால் கோயில் அந்தந்தத் தெருக்காரர்களுக்கு அடையாளம். ஊர் முழுவதும், சாதி மதம் பார்க்காமல், கிழக்கே இருந்தும் மேற்கே இருந்தும் ஒரே இடத்துக்கு நடந்து வந்தது சினிமாவுக்குத்தான். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் சைக்கிளில் டபுள்ஸ் வந்தவர்களுக்கு நேரு வீதி எது, காந்தி வீதி எது என்று தெரியாது. எந்தத் தியேட்டரில் எம்.ஜி.ஆர். படம், எதில் சிவாஜி படம் என்பது தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட முகப்பில் நிற்கிற கட்-அவுட் தெரியும். ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு உயரத்தில், கையில் சவுக்கோடு எம்.ஜி.ஆர். நிற்கும்போது, அதைவிடப் பெரிய பெயர்ப் பலகை ஒரு தெருவுக்கு வேண்டுமா?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கொட்டகை இருந்தது. பெயரைச் சொன்னால் எங்கள் தெரு தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. பழைய ஆட்கள் ஊகித்துக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டகைதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். மாட்னி விட்டு ஜனம் வெளியே வந்தால் அம்மா அடுப்பு மூட்டுவாள். முதல் ஆட்டத்து இன்டர்வெல் மணி அடித்தால் எங்களுக்குச் சோறு. இரண்டாம் ஆட்டம் ஆரம்பித்த பிறகும் அப்பா வீடு திரும்பவில்லை என்றால் அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். கோடைகாலத்தில் மொட்டை மாடியில் படுத்தால் வசனம் முழுவதும் கேட்கும். திருவிளையாடல் படத்தை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பத்து முறை பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சு மீடியம் என்றேனே, அதில் ஒரு சங்கடம் உண்டு. சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சு தேசத்து ஆறுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சங்கராபரணி நம் ஊர் ஆறு என்பது பின்னால்தான் தெரிந்தது. 'திக்தே' என்று சொல்வதை எழுதுகிற பரீட்சை ஒன்று வைப்பார்கள். ஐந்து பிழை விட்டால் பூஜ்யம். அந்தப் பயத்தில் பிரெஞ்சில் பிழை குறைந்தது. தமிழ்தான் தகராறு. பேசுவோம், ஆனால் எழுத உட்கார்ந்தால் ரகரத்துக்கும் றகரத்துக்கும் சண்டை வந்துவிடும்.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தது வாத்தியார் அல்ல, பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் ஒரு கிழவர் தரையில் சாக்கு விரித்து விற்பார். சாணித்தாளில் அச்சடித்திருக்கும். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் ஆரம்பித்து, சிக்கல் முற்றுகிற இடத்தில் நின்றுவிடும். மிச்சம் தெரிய வேண்டுமானால் டிக்கெட் வாங்க வேண்டும். உள்ளே எல்லாப் பாட்டும் இருக்கும். காதால் கேட்டு மனப்பாடமான பாட்டை எழுத்தில் பார்க்கும்போது, 'ஓகோ, இந்தச் சொல்லுக்கு இந்த 'ழ'வா' என்று தானாகப் பதியும். பாசமலர் வந்தது 1961-ல், எங்க வீட்டுப் பிள்ளை 1965-ல், தில்லானா மோகனாம்பாள் 1968-ல். என் தமிழ் வாசிப்பின் படிநிலையும் அதே வரிசைதான். பிற்பாடு தமிழில் அலுவலகக் குறிப்பு எழுதும் நாள் வந்தபோது எனக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் பிழை வந்தது. காரணம் கேட்ட மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லவில்லை.

கடன் ஒருமுறை திரும்பவும் அடைந்தது. 1995-ல் பிரெஞ்சு அரசாங்கம் சிவாஜிக்குக் கலை இலக்கியத்துக்கான செவாலியே விருதைக் கொடுத்தபோது, ஆபீசில் பாதிப் பேர் 'செவாலியர்' என்று கடைசியில் ஒரு 'ர்' போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அந்த ர் எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது. செவாலியே" என்று நான் ஒவ்வொரு மேசையாகப் போய்த் திருத்தினேன். சிவாஜி படம் பார்த்துத் தமிழ் கற்றவன், சிவாஜிக்கு வந்த பட்டத்தை ஊருக்கு உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தான். கணக்கு நேர்.

சரி, எதற்கு இத்தனை பழங்கதை என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி இரவில் நடந்ததைச் சொல்வதற்குத்தான்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார்கள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர்கள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, காலமாகி வெகுநாளாகிறது. பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. மகள் அங்கேதான் குடும்பம். கீழ்க்கட்டில் அக்கா தனியாக இருக்கிறார்கள், மாடியில் வாடகைக்கு ஒரு இளம் ஜோடி. கம்ப்யூட்டர் வேலை, திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்தப் பையன் எங்கள் கதவைத் தட்டினான். அக்கா பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்துவிட்டார்கள். எழுந்திருக்க முடியவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டேன் என்றான். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதில் இருந்த விலாசத்தை ஒரு எழுத்து விடாமல் சொல்லியிருந்தான்.

நான் போனபோது அக்கா தரையில் கிடந்தார்கள். என் மனைவி தலைக்குத் தலையணை வைத்து, போர்வை போர்த்தினாள். இடது கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததுமே இடுப்பு போய்விட்டது என்று தெரிந்தது. தூக்க வேண்டாம், அவர்கள் வந்து தூக்கட்டும் என்று முடிவு செய்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. வண்டியைக் காணோம்.

எங்கள் தெருவுக்கு ஒரு தலைவரின் பெயர். அதே தலைவரின் பெயரில் ஊருக்கு வெளியே ஒரு நகர் இருக்கிறது. அந்த நகருக்குள்ளும் முதல் குறுக்கு, இரண்டாம் குறுக்கு என்று சந்துகள். வண்டி அங்கே போய், அதே கதவு எண் உள்ள வீட்டைத் தட்டி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த யாரையோ எழுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தது. டிரைவர் மேல் குற்றம் இல்லை. அவருக்குக் கொடுத்த விலாசம் அப்படி. ஒரே பெயரை ஊரில் நாலு இடத்துக்கு வைத்தது அவரல்ல.

பையன் போனை என்னிடம் கொடுத்தான்.

"தம்பி, டவுனுக்குள்ள வாப்பா. தியேட்டருக்குப் பின்சந்து" என்று கொட்டகையின் பெயரைச் சொன்னேன்.

"எந்தத் தியேட்டர் தாத்தா? மால்ல இருக்குதே அதுவா?"

"மால் இல்லப்பா. பழைய தியேட்டர்."

"பழசுன்னா?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கொட்டகையை இடித்து வருடங்கள் ஆகின்றன. இடத்தில் முதலில் ஒரு துணிக்கடை வந்தது. பிறகு பர்னிச்சர் கடை. இப்போது கீழே மொபைல் ஷோரூம், மேலே உடற்பயிற்சிக் கூடம். அந்தப் பெயரை வாயில் வைத்திருந்தவர்களெல்லாம் என் வயதுக்காரர்கள். ராஜா, அஜந்தா, முருகா பெயர்களெல்லாம் பெரிய முனைகளில் ஒட்டிக்கொண்டதால் பிழைத்துக்கொண்டன. எங்கள் கொட்டகை சந்து முனையில் இருந்தது. சிக்னல் இல்லாத முனை. அதன் பெயர் எங்களோடு சேர்ந்து கிழடாகிக்கொண்டிருந்தது எங்களுக்கே தெரியவில்லை.

துணிக்கடைப் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. மொபைல் ஷோரூம் பெயரைச் சொன்னேன், அந்தப் பெயரில் ஊரில் ஏழு கிளை. இதற்குள் போனில் வேறொரு குரல் கேட்டது. அந்த நகரின் முனையில் டீக்கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர், விடியற்காலை வியாபாரத்துக்குப் பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டிருக்கிறார். போனை வாங்கினார்.

"எங்க, நம்ம தியேட்டர் பின்னாலயா? சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற சந்தா, டிக்கெட் கவுண்டர் பக்கம் இருக்கிற சந்தா?"

"சைக்கிள் ஸ்டாண்டு பக்கம்."

"வையி போனை. நான் ஏறிக்கிறேன்."

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்த மனிதர் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். முதல் போன் போட்டதிலிருந்து வண்டி வாசலில் வந்து நின்றது வரை முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் அக்கா என் மனைவியின் கையைப் பிடித்த பிடியில் வளையல் அச்சு மணிக்கட்டில் பதிந்திருந்தது. வலி அப்படி. ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது டிரைவரைப் பார்த்து, "இவ்வளவு நேரத்துல பிளேன் ஏறி இருந்தா நான் பாதி வழி பாரிசே போயிருப்பேன் தம்பி" என்றார்கள். பையன் பாவம், "சாரி பாட்டி, சாரி பாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இடுப்பு எலும்பு முறிவுதான். ஆபரேஷன் ஆயிற்று. மூன்று வாரத்தில் வீடு வந்தார்கள். வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இடுப்பு என்பதால் பிழைத்தோம். நெஞ்சு வலியாகவோ மூளையில் அடைப்பாகவோ இருந்திருந்தால் அந்த முப்பத்தைந்து நிமிடம் என்னவாக இருந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவே பதில்.

டீக்கடைக்காரரை அடுத்த வாரம் தேடிப் போய்ப் பார்த்தேன். அவர் சின்ன வயதில் எங்கள் கொட்டகையில் இன்டர்வெல்லில் கலரும் முறுக்கும் விற்றவராம். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தரை டிக்கெட்டிலிருந்து சோபா வரைக்கும் நடப்பாராம். நானும் அவரிடம் முறுக்கு வாங்கியிருக்க வேண்டும். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மாடிப் பையன் சொன்ன விலாசம் சட்டப்படி சரி, ஆனால் வண்டி வரவில்லை. நான் சொன்ன விலாசம் ஊர்ப்படி சரி, ஆனால் ஊரே மாறிவிட்டது. டீக்கடைக்காரர் அங்கே நின்றது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு தெரு வயதாக முடியாது. எங்கள் தெருவில் பதினோரு வீடு. அதில் ஏழு வீட்டில் அறுபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் யாரும் நிரந்தரமாக இல்லை. பிள்ளைகள் பிரான்சில், சென்னையில், பெங்களூரில், அமெரிக்காவில்.

குமாஸ்தாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், படிவம். தபால் அட்டை அளவுக்கு ஒரு கெட்டி அட்டை. நான்கு வரி.

முதல் வரி, சட்டப்படியான விலாசம். கதவு எண், தெருப் பெயர், வார்டு, பின்கோடு. ஊரில் அதே பெயரில் வேறு நகரோ வீதியோ இருந்தால், 'இன்ன நகர் அல்ல' என்று கட்டாயம் எழுத வேண்டும்.

இரண்டாவது வரி, ஆட்டோக்காரர்கள் சொல்கிற பெரிய முனை. நம் ஊரில் அது பெரும்பாலும் தியேட்டர் சிக்னலாகத்தான் இருக்கும். அங்கிருந்து எத்தனை திருப்பம், வலமா இடமா.

மூன்றாவது வரி, வாசலுக்குப் பக்கத்தில் மாறாத ஒரு அடையாளம். கடைப் பெயர் கூடாது, கடை மாறும். கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, இவைதான் நிற்கும். எங்கள் தெருவுக்கு ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. இருபது வருடமாக நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது விலாசம் கேட்டுக்கொண்டேன்.

நான்காவது வரி, முனையில் வந்து நிற்கப் போகிற ஆளின் போன் எண். இதுதான் முக்கியம். ராத்திரியில் டார்ச் லைட்டோடு சந்து முனையில் ஒரு ஆள் நின்றால், முதல் மூன்று வரியில் எது தப்பாக இருந்தாலும் வண்டி வந்து சேரும்.

அட்டையைப் போன் வைக்கிற இடத்துக்கு மேல் ஒட்ட வேண்டும். பீரோவுக்குள் பத்திரமாக வைத்தால் பிரயோஜனம் இல்லை. மாடிப் பையன் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தான். வாட்ஸப்பில் நாம் இருக்கிற இடத்தையே அனுப்பலாம். விலாசம் சொல்லவே வேண்டாம், வண்டிக்காரர் அதைத் தொட்டால் வழி வரும். நான்கு நாள் அவனுக்கே அனுப்பிப் பழகினேன். முதல் நாள் என் இடத்துக்குப் பதில் பேத்தியின் போட்டோ போயிற்று. இப்போது கை பழகிவிட்டது. அக்கா மகளுக்கும் அந்த இடக்குறிப்பை அனுப்பி வைத்திருக்கிறேன். அவள் அங்கிருந்து, "மாமா, இதுல நம்ம தெருப் பேரே வேற மாதிரி எழுதியிருக்கு" என்றாள். எழுதியிருக்கட்டும் அம்மா, புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது என்றேன்.

பதினோரு வீட்டுக்கும் நானே போய் எழுதிக் கொடுத்தேன். ரிட்டையர் ஆன பிறகு நான் செய்த ஒரே அரசாங்க வேலை, சம்பளம் இல்லாமல். முதல் மூன்று வரி எல்லா வீட்டிலும் சுலபமாக நிரம்பியது. நான்காவது வரியில்தான் ஒவ்வொரு வீட்டிலும் பேனா நின்றது. "மகன் நம்பர் போடட்டுமா?" என்றார் ஒருவர். மகன் நியூஜெர்சியில். "தங்கச்சி நம்பர்?" தங்கை காரைக்காலில். பக்கத்திலேயே இருக்கிற ஆள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு முனைக்கு வரக்கூடிய ஆள் யார் என்று கேட்டால், வீட்டுக்காரரும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எதிர் வீட்டு அக்கா மட்டும் யோசிக்கவே இல்லை. என் எண்ணைச் சொன்னார்கள்.

இப்போது ஆறு வீட்டு அட்டையில் நான்காவது வரியில் என் எண் இருக்கிறது. டார்ச்சுக்குப் புதிய பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். இரவில் போனை சைலன்டில் போடுவதை நிறுத்திவிட்டேன். என் வீட்டு அட்டையில் மாடிப் பையனின் எண். அவனுடைய வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். அதற்குள் வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டால் அந்த ஒரு வரியை அழித்து எழுத வேண்டியிருக்கும். அதனால் அதைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

நீங்களும் இந்த வாரம் ஒரு அட்டை எழுதிவிடுங்கள். முதல் மூன்று வரிக்குப் பத்து நிமிடம் போதும். நான்காவது வரிக்கு யார் என்று தெரியவில்லை என்றால், இன்று சாயங்காலமே போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.